ஃபைனலில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது சரிதானா? (ஒலிம்பிக், ஆசியப் போட்டித் துப்பாக்கி சுடுதல்)

கொழிஞ்சாம்பாறை ராசு (இழையைத் தொடங்கியவர்)

நம் பாலக்காடு எல்லைப் பக்கத்தில் சுடுகிறவர்களும் சுடுகிற பிள்ளைகளின் பெற்றோரும் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்.

டோக்கியோ ஒலிம்பிக், 10 மீட்டர் ஏர் பிஸ்டல். தகுதிச் சுற்றில் சௌரப் சௌத்ரி 600க்கு 586. உலகத்தில் இருந்து வந்த அத்தனை பேருக்கும் மேலே, முதலிடம். ஃபைனல் தொடங்கும்போது அந்த 586 காணாமல் போனது. எட்டுப் பேரும் பூஜ்யம். அவர் ஏழாவதாக வெளியே வந்தார். தங்கம் வாங்கிய ஈரானின் ஜவாத் ஃபொரூகி தகுதிச் சுற்றில் அவருக்குக் கீழே இருந்தவர். ஃபொரூகி அன்றைக்கு அருமையாகச் சுட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கேள்வி அந்த 60 ஷாட்டைப் பற்றியது.

முன்பு இப்படி இல்லை. 2012 லண்டன் வரைக்கும் தகுதிச் சுற்றில் எடுத்ததையும் ஃபைனலில் எடுத்ததையும் கூட்டித்தான் பதக்கம். 2008 பெய்ஜிங்கில் ஏர் ரைபிளில் அபினவ் பிந்த்ரா 596, ஃபைனலில் (அங்கே தசமத்தில் எண்ணுவார்கள்) 104.5, மொத்தம் 700.5, தங்கம். லண்டனில் ககன் நாரங் 598, அப்புறம் 103.1, மொத்தம் 701.1, வெண்கலம். அதே லண்டனில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் பெலாரஸின் செர்கே மார்டினோவ் 60 ஷாட்டிலும் பத்து எடுத்தார். 600க்கு 600. ஃபைனலையும் சேர்த்து 705.5, உலக சாதனை. அந்த 600க்கு அன்று மதிப்பு இருந்தது. இன்றைக்கு ஒருவர் அப்படிச் சுட்டால் என்ன கிடைக்கும்? உள்ளே போக ஒரு சீட்டு. எட்டாவதாக வந்தவருக்கும் அதே சீட்டு.

2013லிருந்து இப்படி மாற்றிவிட்டார்கள். தொலைக்காட்சிக்காக என்று சொல்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. முழுசாகச் சேர்க்க வேண்டாம், பாதியாவது சேர்க்கலாமே. மகள் ஏர் ரைபிள் சுடுகிறாள், அதனால் இது எனக்கு வெறும் டிவி பேச்சு இல்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வாளையார் வேலு

ராசு தம்பி, வணக்கம். துணைராணுவத்தில் இருந்தபோது பல வருஷம் ரைபிள் சுட்டவன் நான். உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை.

பிந்த்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெய்ஜிங்கில் ஃபைனலுக்குள் போகும்போது ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினென் 598, பிந்த்ரா 596. இரண்டு புள்ளி பின்னால். ஏர் ரைபிளில் இரண்டு புள்ளி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பத்து ஷாட்டில் அதைப் பிடித்து, கடைசி ஷாட்டுக்கு முன் இருவரும் சமன். அந்தக் கடைசி ஷாட்டில் பிந்த்ரா 10.8 அடித்தார். ஹாக்கினென் 9.7 அடித்து வெண்கலத்துக்கு இறங்கினார். பிந்த்ரா பெரிய ஆள் என்பதால் அது நடந்தது. அந்தக் காலத்தில் பல ஃபைனல்கள் தொடங்கும்போதே தங்கம் யாருக்கு என்று தெரிந்துவிடும். பார்க்கிறவனுக்கு என்ன இருக்கிறது? சுடுகிற எட்டாவது ஆளுக்குத்தான் என்ன இருக்கிறது?

இன்னொன்று. கூட்டினால் நியாயம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் கதை தெரியும் அல்லவா? 2004 ஏதென்ஸ், 50 மீட்டர் மூன்று நிலை (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது). தகுதிச் சுற்றில் 120 ஷாட், ஃபைனலில் ஒன்பது ஷாட், எல்லாம் சுட்டு மூன்று புள்ளி முன்னால் நிற்கிறார். கடைசி ஷாட்டைப் பக்கத்து ஆளின் டார்கெட்டில் சுட்டுவிட்டார். பூஜ்யம். தங்கத்திலிருந்து எட்டாமிடம். நாலு வருஷம் கழித்து பெய்ஜிங்கில் அதே போட்டி, அதே ஆள், கடைசி ஷாட்டுக்கு முன் 3.3 முன்னிலை. 6.7 அடித்திருந்தால் தங்கம். 4.4 போனது. பதக்கமே இல்லை.

அவர் சேர்த்து வைத்ததெல்லாம் கணக்கில் இருந்தது. ஒரு ஷாட்தான் எடுத்துக்கொண்டு போனது. இந்த விளையாட்டின் சுபாவமே அது.

கொல்லங்கோடு மாஷ்

100 மீட்டர் ஓட்டத்தில் ஹீட்ஸில் எடுத்த நேரத்தை ஃபைனலில் சேர்க்கிறார்களா? இல்லையே. ஸ்கூல் ஸ்போர்ட்ஸில் இருந்து ஒலிம்பிக் வரை அப்படித்தான். துப்பாக்கிக்கு மட்டும் ஏன் தனி நியாயம்?

கொழிஞ்சாம்பாறை ராசு

மாஷ், ஹீட்ஸிலும் 100 மீட்டர், ஃபைனலிலும் 100 மீட்டர். இங்கே தகுதிச் சுற்றில் 60 ஷாட், ஃபைனலில் 24 ஷாட். அதுவும் 12வது ஷாட்டிலேயே ஒருவரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நீளமான ஓட்டத்தில் ஆளைத் தேர்ந்தெடுத்துக் குட்டையான ஓட்டத்தில் பரிசு கொடுக்கிற கணக்கு.

வேலு அண்ணா, எம்மன்ஸ் விஷயம் மனதைப் பிசைகிறது. ஆனால் அங்கே தப்பு நடந்தது, அதற்கு விலை கொடுத்தார். சௌரப் என்ன தப்பு செய்தார்? பிளஸ் டூவில் மாநிலத்தில் முதல் மார்க் எடுத்த பிள்ளையிடம் அதெல்லாம் வேண்டாம், ஒரு நாள் நுழைவுத் தேர்வில் என்ன எடுத்தாய் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

நெறியாளர்

நுழைவுத் தேர்வு விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே துப்பாக்கி மட்டும்.

பத்துமீட்டர்

நான் பாலக்காடு சித்தூர். கோவையில் கல்லூரி, அங்கேயே ஒரு ரேஞ்சில் ஏர் ரைபிள். மாநில அளவில் ஃபைனல் சுட்டிருக்கிறேன். உள்ளே நிற்கிறவளுக்கு இரண்டும் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

தகுதிச் சுற்று நம் கையில். 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம். மனம் சரியில்லையா, ரைபிளை ஸ்டாண்டில் இறக்கி வைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம். தண்ணீர் குடிக்கலாம். ஹோல்ட் (குறி நிலையாக நிற்பது) வரவில்லை என்றால் தூக்கி இறக்கி மறுபடி தூக்கலாம். பக்கத்தில் இருப்பவர் என்ன சுடுகிறார் என்பது நமக்குத் தேவையே இல்லை. டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர். அந்தப் புள்ளியோடு நாம் மட்டும் தனியாக இருக்கிற ஒன்றேகால் மணி நேரம் அது.

ஃபைனல் அப்படி இல்லை. முதலில் ஐந்தைந்தாக இரண்டு சீரிஸ், ஒவ்வொன்றுக்கும் 250 விநாடி. அதுவரை ஓரளவு மூச்சு விடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷாட்டாக, கட்டளைக்கு. "லோட்" என்பார்கள். பெல்லட்டை வைத்து மூடுவோம். "ஸ்டார்ட்." 50 விநாடி. அதற்குள் தூக்கி, கன்னத்தைச் சீக்பீஸில் (ரைபிளின் கன்னக் கட்டையில்) வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்த வேண்டும். ஜாக்கெட்டுக்குள் வியர்வை முதுகில் இறங்கிக்கொண்டே இருக்கும். இதயம் அடிப்பது சைட்டிலேயே தெரியும், முன் வளையம் லேசாக ஆடும். அப்போது பக்கத்து லேனில் "டக்" என்று ஒருவர் சுட்டுவிடுவார். பின்னால் கூட்டம் "ஓ..." என்கும். அவருக்கு 10.8 வந்ததா 9.2 வந்ததா? பார்க்கக் கூடாது. ஆனால் காது பார்த்துவிடும். கைக்கடிகாரம் இல்லாமலே 20 விநாடிதான் மிச்சம் என்று உடம்புக்குத் தெரியும். இறக்குவதா, இழுப்பதா? இந்த முடிவுக்குத்தான் ஃபைனல்.

பாட்டும் போடுவார்கள். சர்வதேச ஃபைனல்களில் சத்தத்துக்கும் கைதட்டலுக்கும் தடையில்லை. மீன மாசம் நெம்மாறை வல்லங்கி வேல (கோயில் திருவிழா) சமயத்தில் ஊரெல்லாம் செண்டையும் வெடியுமாக இருக்கும்போது நான் வீட்டு மொட்டை மாடியில் ட்ரை பிராக்டிஸ் செய்வேன். பெல்லட் போடாமல் வெறும் ட்ரிகர். அந்தச் சத்தத்திலும் சைட் நின்றால் ஃபைனலில் நிற்கும் என்று என் கோச் சொல்வார்.

அதனால் ராசு அண்ணா, இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் கூட்டுவது எனக்கே வேண்டாம். தகுதிச் சுற்றில் ஏழாவதாக உள்ளே போன அன்று "இப்போது எல்லோரும் சமம்" என்ற நினைப்பில்தான் நான் நன்றாகச் சுட்டேன்.

கொழிஞ்சாம்பாறை ராசு

படிக்கும்போதே கை நடுங்குகிறது அம்மா. என் மகளையும் இதைப் படிக்கச் சொல்கிறேன். ஆனாலும் என் கேள்வியை விடவில்லை. 🙂

முதலமடை தோப்புக்காரர்

யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் கட்டடத்துக்குள். அங்கே காற்று கிடையாது, வெளிச்சம் ஒரே மாதிரி. நீங்கள் எல்லோரும் அதை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். நான் ட்ராப் சுடுகிறவன், அதாவது பறக்கிற களிமண் தட்டு. 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு, குழிக்குள் இருந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. தகுதிச் சுற்றில் 125 தட்டு, 25 வீதம் ஐந்து ரவுண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் நாள் 75, மறுநாள் 50. ஆறு ஆறு பேராக ஸ்குவாடு பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவார்கள்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாளையாருக்கும் நெல்லியாம்பதிக்கும் நடுவில் மலையே இல்லாத வாசல். ஆடியில் மேற்கே இருந்து, மார்கழியில் கிழக்கே இருந்து. காலை எட்டு மணிக்கு மாவிலை அசையாது. பதினொரு மணிக்குத் தோப்பே சாய்ந்து நிற்கும். திறந்த மைதானத்தில் காலை ஸ்குவாடுக்குத் தட்டு நேராகப் போகும். மதிய ஸ்குவாடுக்கு எதிர்க்காற்று தட்டைத் தூக்கி எறியும். தட்டு மேலே ஏறும், துப்பாக்கி அதற்குக் கீழே போகும். ஒரே போட்டி, ஒரே 125, ஆனால் இரண்டு பேர் இரண்டு வானிலையில் சுட்டார்கள். இதைக் கூட்டி ஃபைனலுக்குக் கொண்டுபோனால் காற்றுக்கும் சேர்த்துப் பதக்கம் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். ஃபைனலில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே காற்றில், ஒரே வெயிலில். பூஜ்யத்திலிருந்து தொடங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸில் 125க்கு 118 எடுத்து 21ஆவதாக நின்றார். 2023ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கைனன் செனாய், சொராவர் சிங் சந்து ஆகியோரோடு சேர்ந்து அணித் தங்கம் வாங்கியதும் அவர்தான். ட்ராபில் ஏழு தட்டு விட்டால் 21ஆமிடம். அத்தனை நெருக்கம்.

வாளையார் வேலு

தோப்புக்காரர் சொல்வது 50 மீட்டர் ரைபிளுக்கும் பொருந்தும். ரேஞ்சில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சின்னத் துணிக்கொடி கட்டியிருப்பார்கள். அதைப் படிக்கத் தெரியாதவன் ரைபிளே பிடிக்க வேண்டாம். 50 மீட்டர் டார்கெட்டில் பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர். கொடி சட்டென்று திரும்பினால் .22 குண்டு ஒன்பதுக்கோ எட்டுக்கோ போய்விடும். எங்கள் ஆட்களில் அனுபவசாலிகள் கொடி ஒரே பக்கம் நிற்கும்வரை சும்மா காத்திருப்பார்கள், நேரம் போனாலும் பரவாயில்லை என்று. கொடி மாறினால் சைட்டைத் திருகுவார்கள், இல்லையென்றால் குறியைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். அந்தப் பொறுமைதான் இந்தப் போட்டி.

மீனாட்சிபுரம் கலா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பையன் ஒன்பதாம் வகுப்பு. மனு பாக்கரைப் பார்த்ததிலிருந்து பிஸ்டல் என்று ஒரே பிடிவாதம். இங்கே வீட்டில் துப்பாக்கி என்றாலே காட்டுப்பன்றி சுடுகிற ஆள் ஞாபகம்தான் வருகிறது, மாமியார் பயப்படுகிறார். ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டுமா? தினம் செக்போஸ்ட் தாண்டிப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

முதலமடை தோப்புக்காரர்

கலா, பன்றி சுடுவது வேறு ஏற்பாடு. 2022லிருந்து பஞ்சாயத்துத் தலைவர் அனுமதி கொடுத்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம் என்று கேரள அரசு வைத்திருக்கிறது. அது நிஜத் துப்பாக்கி. உங்கள் பையன் கேட்பது காற்றழுத்தத்தில் சுடுவது. 4.5 மில்லிமீட்டர் குழாய், 20 ஜூலுக்கு மேல் போகாத விசை என்றால் ஆயுத விதிப்படி லைசென்ஸ் தேவையில்லை. .22க்குப் போனால்தான் லைசென்ஸ்.

பத்துமீட்டர்

அக்கா, பெட்டியில் பூட்டி, சிலிண்டரைக் கழற்றி வைத்துக் கொண்டு போங்கள். வாங்கிய பில்லின் நகலும் கிளப் அடையாள அட்டையும் எப்போதும் பெட்டியிலேயே இருக்கட்டும். வேலந்தாவளத்தில் திறக்கச் சொன்னால் திறந்து காட்டி, இது விளையாட்டுக்கு என்று சொல்லுங்கள். ஒரு தடவை பார்த்த போலீஸ்காரர் அடுத்த தடவை "எப்ப மேட்ச்?" என்று கேட்பார். ஆரம்பத்திலேயே சொந்தமாக வாங்க வேண்டாம், கிளப்பிலேயே கொடுப்பார்கள். முதல் ஆறு மாசம் கை நிலைக்கவே போய்விடும். மாமியாரை ஒரு நாள் ரேஞ்சுக்கு அழைத்து வாருங்கள், எவ்வளவு அமைதியான இடம் என்று அவரே பார்ப்பார்.

மீனாட்சிபுரம் கலா

ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். பாரிஸில் ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு சுட்டாரே துருக்கிக்காரர், அவர் மாதிரி நிற்கிறான் வீட்டில்.

வாளையார் வேலு

யூசுஃப் டிகெச். 51 வயதில் கலப்பு இரட்டையர் பிஸ்டலில் வெள்ளி. பிஸ்டலில் எல்லோரும் மறு கையைப் பையிலோ பெல்ட்டிலோதான் வைப்பார்கள், உடம்பு ஆடாமல் இருக்க. பையன் சரியாகத்தான் நிற்கிறான்.

கொல்லங்கோடு மாஷ்

பேச்சு திரும்பி வரட்டும். ராசு, பாரிஸ் கணக்கைப் பாருங்கள். ஸ்வப்னில் குசாலே மூன்று நிலையில் 590 எடுத்து ஏழாவதாக ஃபைனலுக்குப் போனார். முதலிடம் சீனாவின் லியூ யுகுன், 594. ஃபைனலில் மண்டியிட்டுச் சுட்ட பிறகு ஸ்வப்னில் ஆறாவது, படுத்துச் சுட்ட பிறகு ஐந்தாவது, நின்று சுட்டபோது மேலே ஏறி 451.4, வெண்கலம். லியூ தங்கம். ஆக முதலிடக்காரருக்கும் நியாயம் கிடைத்தது, ஏழாமிடக்காரருக்கும் வாய்ப்பு கிடைத்தது. பழைய முறையில் ஸ்வப்னில் தொடங்கும்போதே நாலு புள்ளி பின்னால் நின்றிருப்பார். அந்த வெண்கலத்தைப் பார்த்து நீங்களும் நானும் அழவில்லையா?

அர்ஜுன் பாபுதாவும் (ஏர் ரைபிளில் இப்போது தகுதிச் சுற்றும் தசமக் கணக்கு) 630.1 எடுத்து ஏழாவதாகத்தான் ஏர் ரைபிள் ஃபைனலுக்குப் போனார். ஒரு கட்டத்தில் இரண்டாமிடம் வரை ஏறினார். ரியோவில் பிந்த்ரா 625.7, ஏழாமிடம், அங்கிருந்து பதக்கத்தின் வாசல் வரை. பூஜ்யம் நம் ஆட்களுக்கு நிறையக் கொடுத்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை ராசு

ஸ்வப்னில் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை மாஷ். தோப்புக்காரர் சொன்ன காற்றுக் கணக்கும் சரி, சித்தூர்த் தங்கை சொன்னதும் சரி. ஒலிம்பிக் ஃபைனல் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். அதை இனி எதிர்க்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன அதே இரண்டு பேரைப் பாருங்கள். பிந்த்ரா ரியோவில் 163.8, உக்ரைனின் செர்ஹி குலிஷும் 163.8. சமனைத் தீர்க்க ஆளுக்கு ஒரு ஷாட், அதாவது ஷூட் ஆஃப் வைத்தார்கள். பிந்த்ரா 10.0, குலிஷ் 10.5. பிந்த்ரா நாலாவது, குலிஷுக்கு வெள்ளி. பாபுதாவும் நாலாவது. மனு பாக்கர் பாரிஸில் 25 மீட்டர் பிஸ்டலில் ஹங்கேரி வீராங்கனையோடு ஷூட் ஆஃப் சுட்டு நாலாவது. ஸ்கீட் (இதுவும் பறக்கிற தட்டுதான்) கலப்பு அணியில் மகேஷ்வரியும் அனந்த்ஜீத்தும் சீனாவிடம் 43க்கு 44 என்று ஒரே தட்டில் வெண்கலத்தை விட்டார்கள். லண்டனில் ஜாய்தீப் கர்மாகர் நாலாவது, இடைவெளி 1.9. நாலாவது, நாலாவது, நாலாவது. மனு 10 மீட்டரில் வெண்கலம் வாங்கியபோதுகூட அடுத்த இடத்துக்கு அவருக்கு 0.1தான் போதவில்லை.

அப்புறம் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்த பெண். பாரிஸில் 630.7 எடுத்தார், பத்தாமிடம், ஃபைனலுக்கே போகவில்லை. பெண்கள் பிரிவில் அன்று அவ்வளவு போட்டி. பாபுதாவின் 630.1ஐ விட அதிகம் எடுத்தவர் வெளியே நின்றார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஷிம்கென்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கியது அதே இளவேனில்தான். ஒரு வருஷத்தில் ஆள் மாறிவிடவில்லை. பாரிஸிலும் அவர் இதே ஆள்தான்.

எனக்கு வலிப்பது அதற்குப் பிறகு நடப்பது. பதக்கம் வாங்கியவருக்குக் கோடி, வேலை, பாராட்டு விழா. நாலாவதாக வந்தவருக்கு ஒரு "பரவாயில்லை". இது மேலே. கீழே இன்னும் மோசம். எங்கள் மட்டத்து மேட்ச்களில் முதல் மூன்று பேருக்கு மெடல், சான்றிதழ், பேப்பரில் பெயர். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் ஸ்கூலில் லீவு கிடைக்கிறது, ஸ்பான்சர் கிடைக்கிறார், கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கிறது. ஒரு மேட்சில் என் மகள் தகுதிச் சுற்றில் முதலிடம். ஃபைனலில் ஐந்தாவது. அவள் பெயர் எங்கேயும் வரவில்லை. 60 ஷாட்டில் எல்லோரையும் தாண்டியவள் என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. யாரிடம் கேட்டாலும் "ஃபைனல் ரிசல்ட் மட்டும்தான்" என்கிறார்கள்.

பத்துமீட்டர்

அண்ணா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

கோச்கள் யாரும் ஃபைனல் ஸ்கோரைப் பார்த்து ஒரு பிள்ளையை எடை போடுவதில்லை. 60 ஷாட் சராசரி என்ன, பத்துப் பத்தாக ஆறு சீரிஸும் எப்படிப் போனது, கடைசி இரண்டு சீரிஸில் இறங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பாரிஸுக்கு ஆள் எடுக்க 2024ல் டெல்லியிலும் போபாலிலும் தேர்வுப் போட்டிகள் வைத்தார்களே, அங்கேயும் ஒரே நாளை நம்பவில்லை. பல போட்டிகளின் ஸ்கோரைச் சராசரி பார்த்தார்கள். நாட்டுக்கு ஆள் எடுக்கும்போது சரியாக இருக்கும் முறை, ஒரு பள்ளிப் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்கும்போது மட்டும் ஏன் சரியில்லை?

வாளையார் வேலு

இதில் நான் தம்பியோடு நூறு சதவீதம். ஃபைனல் பதக்கத்துக்கு. 60 ஷாட் ஆளை எடைபோட. எங்கள் படையில் ஒருவனை அணியில் வைப்பதா வேண்டாமா என்பதை வருஷம் முழுக்கச் சுட்ட ஸ்கோர் புத்தகம்தான் சொல்லும், ஒரு நாள் மெடல் இல்லை.

முறையே மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2022ல் ஃபைனலைப் புரட்டிப் போட்டார்கள். முதல் இருவர் மட்டும் நேருக்கு நேர், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஜெயித்தவருக்கு 2 புள்ளி, 16 எடுத்தவருக்குத் தங்கம். அந்த முறையில்தான் கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்பில் ருத்ராங்க்ஷ் பாட்டீல் இத்தாலியின் சொல்லாட்சோவை 17க்கு 13 என்று வென்றார். தனிநபர் போட்டிகளில் அது நிலைக்கவில்லை, பாரிஸுக்கு முன்பே பழையபடி 24 ஷாட்டுக்கு வந்துவிட்டார்கள். பாரிஸில் கலப்பு அணியில் மட்டும் அந்த 16 புள்ளிக் கணக்கு இருந்தது. மனுவும் சரப்ஜோத்தும் கொரியாவை 16க்கு 10 என்று வென்றது அதில்தான். இப்படி மேலே ஃபைனல் முறை மாறிக்கொண்டே போகும். 60 ஷாட் அளவு மாறவில்லை. அதனால்தான் பிள்ளைகளை அதை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலமடை தோப்புக்காரர்

மூன்று நிலையில் 120 ஷாட்டை 60 ஆக்கினார்களே அண்ணா, அது மாற்றம்தானே.

வாளையார் வேலு

ஆமாம், அது மாறியது. எனக்கு அதில் வருத்தமும் உண்டு. 120 ஷாட் சுட்டு நிமிரும்போது முதுகு பேசும். ஏர் ரைபிள், ஏர் பிஸ்டலை மனதில் வைத்துச் சொன்னேன். ஆண்களுக்கு அங்கே 60 பல காலமாக 60தான். பெண்களுக்கு முன்பு 40 இருந்தது, இப்போது அவர்களுக்கும் 60.

கொல்லங்கோடு மாஷ்

சரி, பேசியது போதும், ஏதாவது செய்வோம். நம் தாலுகாவில் ஏர் ரைபிள், பிஸ்டல் சுடுகிற பிள்ளைகள் பத்திருபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் கோவைக்குப் போகிறார்கள், மீதிப் பேர் பாலக்காட்டுக்கு. திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுக்குக் கட்டிய நல்ல ரேஞ்ச் இருக்கிறது, ஆனால் இங்கிருந்து ஒரு இரவுப் பயணம். பள்ளிப் பிள்ளை அடிக்கடி போக முடியாது. அதனால் இவர்கள் சுடுவது பெரும்பாலும் சின்ன மேட்ச். அந்த மேட்ச் நடத்துகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்போம்.

தகுதிச் சுற்றின் முழு ஸ்கோரையும், சீரிஸ் வாரியாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் டார்கெட்டில் அது ஒரு பட்டன். அப்புறம் தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தவருக்குத் தனிச் சான்றிதழ். மெடல் வேண்டாம், காகிதம் போதும். என் பள்ளிக்கு அப்படியொரு காகிதம் வந்தால் நான் ஹெட்மாஸ்டரிடம் எடுத்துக்கொண்டு போய் வாதாட முடியும்.

கொழிஞ்சாம்பாறை ராசு

மாஷ், இதற்குத்தான் இழையைத் தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. கடிதத்தை நான் தமிழில் எழுதுகிறேன். சமன் வந்தால் ஷூட் ஆஃபுக்குப் பதில் 60 ஷாட் ஸ்கோரைப் பார்க்கலாமா என்றும் சேர்த்துக் கேட்கட்டுமா?

பத்துமீட்டர்

அது வேண்டாம் அண்ணா, ஷூட் ஆஃபை எடுக்காதீர்கள். பிள்ளைகள் அந்த ஒரு ஷாட்டைச் சின்ன மேட்சிலேயே பழகிக்கொள்ள வேண்டும். வெளியே போனால் அதுதான் காத்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை ராசு

சரி, எடுத்துவிட்டேன். இரண்டு கோரிக்கை மட்டும்.

மீனாட்சிபுரம் கலா

பையன் இன்னும் ஒரு ஷாட்கூடச் சுடவில்லை, ஆனாலும் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கொல்லங்கோடு மாஷ்

பாலக்காட்டுக்குக் கொடுக்க மலையாளத்தில் வேண்டும், அதை நான் எழுதித் தருகிறேன். கோவைப் பக்கம் தமிழிலேயே போகட்டும், அதைப் பத்துமீட்டர் கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லது. ஓணம் லீவுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் மேட்ச் அட்டவணை போட்டுவிடுவார்கள். சுடுகிற பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் ஊர், எந்த ரேஞ்சில் பழகுகிறார்கள், ரைபிளா பிஸ்டலா என்பதை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பெயர்களைப் பொதுவில் போட வேண்டாம், எல்லாம் சின்னப் பிள்ளைகள்.